துப்பாக்கி தானாக வெடிப்பதில்லை

"துப்பாக்கியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது எதிர்பாராதவிதமாக வெடித்து, அருகில் இருந்தவர் மீது குண்டு பாய்ந்தது." இந்த மாதிரி ஒரு வரியை நீங்கள் எத்தனையோ தடவை படித்திருப்பீர்கள். பெயரும் ஊரும்தான் மாறும், வாக்கியம் மாறாது.

இதில் எழுவாய் யார் என்று கொஞ்சம் தேடிப் பாருங்களேன். பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணமே போதும். வெடித்தது எது? துப்பாக்கி. பாய்ந்தது எது? குண்டு. அதைக் கையில் வைத்திருந்த மனிதர் எங்கே? காணோம். துப்பாக்கி சும்மா மேசை மேல் கிடந்தது, திடீரென்று அதற்கே ஏதோ தோன்றியது, வெடித்துவிட்டது என்கிற மாதிரி எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். கைத்தவறுதலாக நடக்கும் துப்பாக்கிச் சூடுகளில் பெரும்பாலானவற்றை 'விபத்து' என்று சொல்லக்கூடாது. யாரோ ஒருத்தர் செய்ய வேண்டிய சோதனையைச் செய்யாமல் விட்டிருக்கிறார், அவ்வளவுதான். பிரிட்டிஷ் ராணுவத்தில் இதற்கு வைத்திருக்கும் பெயரே 'அலட்சியத்தால் வெடித்தது' என்ற பொருள் தருவதுதான். யாருக்கும் அடிபடாவிட்டாலும் சுட்டவர் மேல் ஒழுங்கு நடவடிக்கை உண்டு. பெயர் சரியாக இருந்தால்தான் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியே வரும்.

நமக்கு எதுக்கு இதெல்லாம்?

"மச்சி, நம்ம ஊர்ல யார்கிட்ட துப்பாக்கி இருக்கு? இது அமெரிக்காக்காரன் கவலை" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. அமெரிக்காவில் கைத்தவறுதலான சூட்டில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 500 பேர் சாகிறார்கள். நம் நிலைமை அந்த அளவுக்கு இல்லை. ஆனால் இதைக் கேளுங்கள்.

2021 டிசம்பர் 30. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை பக்கம், பசுமலைப்பட்டி துப்பாக்கி சுடும் பயிற்சித் தளம். மத்திய தொழிற்பாதுகாப்புப் படையினர் அங்கே பயிற்சியில் இருந்தார்கள். தளத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் மேலே தள்ளி, தன் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையனின் தலையில் ஒரு குண்டு வந்து இறங்கியது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்துபோனான்.

அந்தப் பையன் துப்பாக்கியைத் தொடவில்லை, பார்க்கக்கூட இல்லை. துப்பாக்கி நம்மிடம் இல்லை என்பதால் இந்த விஷயம் நம்முடையது இல்லை என்று ஆகிவிடாது.

இன்னும் நெருக்கமாகவும் வரலாம். நம்மில் என்.சி.சி.யில் இருப்பவர்கள் .22 ரைஃபிளைத் தொடுகிறார்கள். மெரினாவில் பலூன் சுடும் ஏர் கன்னைப் பிடிக்காத கை நம் கிளாஸில் குறைவு. மலையோர ஊர்களிலிருந்து வருபவர்களுக்கு நாட்டுத் துப்பாக்கி பற்றித் தெரிந்திருக்கும். ஷார்ட் ஃபிலிம் எடுக்கும் கும்பல் டம்மி துப்பாக்கியோடு ஹாஸ்டல் மாடியில் ஏறுகிறது. இத்தனைக்கும் நம்முடைய துப்பாக்கி அறிவு முழுக்க இரண்டே இடத்திலிருந்துதான் வருகிறது: சினிமா, அப்புறம் பப்ஜி. சினிமாவில் ஹீரோ டிரிக்கரில் விரலை வைத்துக்கொண்டே வசனம் பேசுவார். கேமில் உங்கள் துப்பாக்கி முனை டீம்மேட் முதுகைத் தடவிக்கொண்டு போனால் ஒன்றும் ஆகாது. நிஜத்தில் இரண்டுமே உயிர் போகும் விஷயம்.

நான்கு வரி

துப்பாக்கியைக் கையாளும் விதிகளை உலகம் முழுக்கப் பல விதமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதில் ரொம்பப் பரவியது ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் வடித்த நான்கு விதிகள். 1976-இல் அரிசோனாவில் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளி தொடங்கியவர் அவர். நம்ம தமிழில் சொல்கிறேன்:

1. எந்தத் துப்பாக்கியும் எப்போதும் குண்டு போட்டதுதான்.
2. எதை அழிக்க உங்களுக்கு மனசில்லையோ, அதை நோக்கி முனையைக் காட்டாதீர்கள்.
3. குறி பார்த்து, சுடுவதென்று முடிவு செய்யும்வரை விரல் டிரிக்கரில் இருக்கக்கூடாது.
4. சுடுவது எதை, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடாதீர்கள்.

அவ்வளவுதான். மனப்பாடம் பண்ண ஒரு நிமிஷம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பொறியியல் காரணம் இருக்கிறது. அது புரியாவிட்டால் இந்த நான்கும் ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டு மாதிரிதான், யாரும் படிக்க மாட்டோம்.

"காலிதான்டா" என்ற பொய்

முதல் விதி கேட்பதற்கு லூசுத்தனமாக இருக்கும். காலித் துப்பாக்கியை ஏன் குண்டு போட்டதாக நினைக்கணும்?

பிஸ்டல் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். தோட்டாக்கள் கைப்பிடிக்குள் போகும் மேகசினில் அடுக்கியிருக்கும். மேலே உள்ள ஸ்லைடைப் பின்னால் இழுத்து விட்டால், மேகசினிலிருந்து ஒரு தோட்டா மேலேறி, பேரலின் அடியில் இருக்கும் சேம்பருக்குள் உட்காரும். சுடுவது சேம்பரில் இருக்கும் தோட்டாவைத்தான். இப்போது மேகசினை உருவி எடுத்துவிடுங்கள். துப்பாக்கி காலியா? இல்லை. சேம்பரில் ஒன்று அப்படியே இருக்கிறது. நிறைய மாடல்களில் மேகசின் இல்லாமலே அது வெடிக்கும்.

எலக்ட்ரிகல், எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்கு இது சட்டென்று புரியும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளை போர்டில் பெரிய கெபாசிட்டர் சார்ஜோடு உட்கார்ந்திருக்கும் இல்லையா? மேகசின்தான் பிளக். சேம்பர்தான் கெபாசிட்டர். பிளக்கைப் பார்த்துவிட்டுக் கையை வைத்தவனுக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

இதில் வரிசையும் முக்கியம். முதலில் மேகசினை எடு. பிறகு ஸ்லைடை இழுத்து, சேம்பரில் இருப்பதை வெளியே தள்ளு. பிறகு சேம்பருக்குள் கண்ணால் பார், இருட்டாக இருந்தால் விரலை விட்டுத் தொட்டுப் பார். இதே முதல் இரண்டு வேலையையும் மாற்றிச் செய்தால் என்ன ஆகும்? ஸ்லைடை முதலில் இழுத்தால் பழைய தோட்டா வெளியே விழும், மேகசினிலிருந்து புதுசு ஒன்று உள்ளே ஏறும். அப்புறம் மேகசினை எடுத்துவிட்டு, கீழே விழுந்த தோட்டாவையும் பார்த்துவிட்டு, "காலி பண்ணிட்டேன்" என்று நிம்மதியாக இருப்பீர்கள். துப்பாக்கி முழுசாகத் தயாராக இருக்கும். இரண்டு ஸ்டெப்பும் செய்தாயிற்று, வரிசை மட்டும் தப்பு. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு நான் வேறு விளக்க வேண்டியதில்லை.

2004-இல் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் நடந்த சம்பவம் வீடியோவாக ஊர் முழுக்கச் சுற்றியது. போதைப்பொருள் தடுப்புத் துறை அதிகாரி ஒருவர் பிள்ளைகளுக்குத் துப்பாக்கியின் ஆபத்தைப் பற்றி வகுப்பு எடுக்கிறார். துப்பாக்கியைக் காலி செய்து, இன்னொருவரிடம் காட்டி உறுதியும் செய்துகொள்கிறார். இந்த அறையில் இதைக் கையாளும் பயிற்சி உள்ளவன் நான் மட்டும்தான் என்ற பொருளில் சொல்கிறார். சில வினாடிகளில் துப்பாக்கி வெடித்து, குண்டு அவர் தொடையிலேயே பாய்கிறது.

எல்லாரும் அந்த வீடியோவைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் கவனிக்கச் சொல்வது வேறு. அறை முழுக்கப் பிள்ளைகள், ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏன்? முனை தரையைப் பார்த்து இருந்தது. முதல் விதி அங்கே தோற்றது. இரண்டாவது விதி பிள்ளைகளைக் காப்பாற்றியது.

ஆண்ட் கேட்

இந்த நான்கு விதிகளின் உண்மையான அழகு இங்கேதான் இருக்கிறது. ஒரே விஷயத்தை நான்கு விதமாகச் சொல்லும் அறிவுரைகளாக இவற்றைப் பார்க்காதீர்கள். இவை தனித்தனியான பூட்டுகள்.

சேம்பரைப் பார்க்க மறந்துவிட்டீர்கள் என்று வையுங்கள். விரல் வெளியே இருந்தால் வெடிக்காது. விரலும் உள்ளே போய் வெடித்தே விட்டது என்று வையுங்கள். முனை மணலைப் பார்த்து இருந்தால் மண்ணில் ஒரு ஓட்டை, காதில் ஒரு கொய்ங் சத்தம், மேலதிகாரியிடம் திட்டு. அவ்வளவுதான். ஒரு மனிதர் மேல் கைத்தவறுதலாகக் குண்டு பாய வேண்டும் என்றால் இரண்டு, மூன்று தப்புகள் ஒரே நேரத்தில் நடந்தாகணும். எல்லா இன்புட்டும் ஒன்றாக இருந்தால்தான் அவுட்புட் வரும் ஆண்ட் கேட் மாதிரி.

விரல் விஷயத்தை லேசாக நினைக்காதீர்கள். திடுக்கிட்டால் நம் கை தானாக இறுகும். கால் வழுக்கினால் இறுகும். ஒரு கையால் எதையாவது இறுக்கிப் பிடித்தால் இன்னொரு கையின் விரல்களும் கொஞ்சம் சேர்ந்து இறுகும். இது உடம்பின் அமைப்பு. எவ்வளவு பயிற்சி இருந்தாலும் இதை முழுசாக அடக்க முடியாது. அதனால்தான் "ஜாக்கிரதையா வச்சிருப்பேன்" என்ற உறுதிமொழிக்கு இங்கே மதிப்பில்லை. விரலை டிரிக்கர் கார்டுக்கு வெளியே, துப்பாக்கியின் உடம்போடு நீட்டி வை என்கிறார்கள். திடுக்கிட்டாலும் இறுகுவதற்கு அங்கே டிரிக்கர் இல்லை.

"துப்பாக்கியில்தான் சேஃப்டி கேட்ச் இருக்கே?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. எல்லாத் துப்பாக்கியிலும் இல்லை. அதுவும் ஒரு இயந்திர பாகம்தான். தேயும், உடையும், போட மறந்தும் போகும். கீழே விழுந்து தானாகவே வெடித்த துப்பாக்கிகளும் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அப்படி இயந்திரமே பழுதானாலும் முனை பாதுகாப்பான திசையில் இருந்தால் யாரும் சாகப்போவதில்லை. துப்பாக்கியில் கோளாறு, அதனால் உயிர் போனது என்று சொல்லும்போதுகூட, அந்த முனை ஏன் மனிதரைப் பார்த்து இருந்தது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது.

எல்லாரும் பார்த்தார்கள், யாரும் பார்க்கவில்லை

2021 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 'ரஸ்ட்' படப்பிடிப்பு. நடிகர் அலெக் பால்ட்வின் கையில் ரிவால்வர், ஒத்திகை நடக்கிறது. துப்பாக்கியை அவரிடம் கொடுக்கும்போது உதவி இயக்குநர், இதில் நிஜத் தோட்டா இல்லை என்று பொருள்படும் 'கோல்ட் கன்' என்ற குறிச்சொல்லைச் சொல்கிறார். துப்பாக்கி கேமரா பக்கம் திரும்புகிறது, வெடிக்கிறது. ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்துபோனார். இயக்குநர் ஜோயல் சௌசாவுக்குக் காயம். உள்ளே இருந்தது நிஜத் தோட்டா.

அந்த செட்டில் பாதுகாப்புக்கு ஆள் இல்லாமல் இல்லை. துப்பாக்கிகளுக்கென்றே ஆர்மரர் ஒருவர் இருந்தார். அவருக்கு அடுத்து உதவி இயக்குநர். டம்மி தோட்டாவைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழியும் உண்டு. குலுக்கினால் உள்ளே சின்ன உருண்டை கலகலக்கும். ஒவ்வொரு தோட்டாவையும் காதருகே குலுக்க ஒரு நிமிஷம் போதும். ஆர்மரர் பார்த்திருப்பார் என்று அடுத்தவர், அடுத்தவர் பார்த்திருப்பார் என்று அதற்கடுத்தவர். நம்ம குரூப் ப்ராஜெக்ட் மாதிரியேதான். நான்கு பேர் பெயர் அட்டையில் இருக்கும், ரிப்போர்ட்டை ஒருத்தரும் படித்திருக்க மாட்டோம்.

நீதிமன்றத்தில் ஆர்மரர் ஹன்னா குட்டியரஸ் ரீடுக்கு 2024-இல் 18 மாதச் சிறைத் தண்டனை. தான் டிரிக்கரை இழுக்கவில்லை என்று பால்ட்வின் சொன்னார். அரசுத் தரப்பு ஆதாரத்தை எதிர்த்தரப்புக்குத் தராமல் வைத்திருந்த காரணத்தால் அவர் மீதான வழக்கு 2024 ஜூலையில் தள்ளுபடியானது. சட்டப்படி யார் குற்றவாளி என்பது அங்கே முடிந்துபோன விஷயம். பொறியியல் மாணவராக நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: அடுத்தவர் செய்த சோதனை உங்கள் சோதனை ஆகாது. முறையான பயிற்சியில் துப்பாக்கியைக் கைமாற்றும்போது கொடுப்பவர் திறந்து காட்டுவார், வாங்குபவர் தானும் பார்ப்பார். இரண்டு பேரும் பார்த்தார்கள் என்றால் அது சந்தேகம் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. அதுதான் முறை.

'ரஸ்ட்' முதல் முறையும் இல்லை. 1993 மார்ச் 31 அன்று 'தி க்ரோ' படப்பிடிப்பில் புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ இறந்தது இன்னும் விசித்திரமான வழியில். நெருக்கக் காட்சிக்காக நிஜத் தோட்டாக்களிலிருந்து மருந்தைக் கொட்டிவிட்டு டம்மி தயாரித்தார்கள். ஆனால் தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் பிரைமரை எடுக்காமல் விட்டுவிட்டார்கள். யாரோ டிரிக்கரை இழுத்திருக்கிறார்கள். பிரைமர் மட்டும் வெடித்த அந்தச் சின்ன அழுத்தத்தில் ஈயக் குண்டு பேரலுக்குள் பாதி வழி போய்ச் சிக்கிக்கொண்டது. பிறகு வேறொரு காட்சிக்கு அதே துப்பாக்கியில் வெறும் சத்தம் போடும் பிளாங்க் தோட்டாவைப் போட்டார்கள். பிளாங்க்கில் குண்டு இல்லை, மருந்து முழுசாக உண்டு. அது பின்னாலிருந்து தள்ள, சிக்கியிருந்த குண்டு நிஜச் சூடு மாதிரியே வெளியே வந்தது. இரண்டு தடவை போட்டதும் நிஜத் தோட்டா இல்லை. இரண்டும் சேர்ந்து நிஜத் தோட்டா ஆகிவிட்டது. நடுவில் ஒரே ஒரு ஆள் பேரலுக்குள் எட்டிப் பார்த்திருந்தால் போதும்.

நான்காவது விதி தனியாக நிற்கும்போது

இப்போது புதுக்கோட்டைக்குத் திரும்பலாம். ஏனென்றால் மேலே நான் பெருமையாகச் சொன்ன ஆண்ட் கேட் அங்கே வேலை செய்யாது.

யோசியுங்கள். பயிற்சித் தளத்தில் சுடுகிறவருக்குத் துப்பாக்கியில் குண்டு இருப்பது தெரியும், அவரே போட்டார். முனை இலக்கைப் பார்த்துத்தான் இருக்கிறது. விரல் டிரிக்கரில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அதாவது வேண்டுமென்றே சுடும் அந்த நொடியில் முதல் மூன்று பூட்டும் திறந்துவிட்டது. மிச்சம் இருப்பது நான்காவது ஒன்றுதான்: பின்னால் என்ன இருக்கிறது?

குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பதில் நமக்குச் சரியான கணக்கு இல்லை. என்.சி.சி.யில் சுடும் .22 குண்டு சின்னது, 25 மீட்டர் தளத்தில்தான் சுடுகிறோம். ஆனால் தடுப்பு இல்லாவிட்டால் அதுவே ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடியது. ராணுவ ரைஃபிள் குண்டு மூன்று கிலோமீட்டரைத் தாண்டும். கல்லில் பட்டுத் திசை மாறியும் பறக்கும். சுடுகிறவர் கண்ணுக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிவது 100 மீட்டரோ 200 மீட்டரோ தள்ளி நிற்கும் ஒரு பலகை.

அதனால்தான் நான்காவது விதியைச் சுடுகிறவர் தலையில் மட்டும் கட்டக்கூடாது. அந்தப் பூட்டைத் தளத்தைக் கட்டுகிறவர்தான் போட வேண்டும். குண்டை வாங்கிக்கொள்ளும் உயரமான மண் மேடு, பக்கவாட்டுச் சுவர், மேலே தப்பிப் போகாமல் தடுக்கும் தடுப்புகள், சுடும் நேரத்தில் சிவப்புக் கொடி, ஆள் நடமாட்டம் இல்லாத ஆபத்து எல்லை. இது முழுக்க சிவில் இன்ஜினியரிங் வேலை. தளம் கட்டியபோது சுற்றிலும் பொட்டல் காடாக இருந்திருக்கலாம். ஊர் வளரும், வீடு வரும். அப்போது பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு சுட முடியாது. குடியிருப்புக்கு அருகே இருக்கும் ஒவ்வொரு சுடுதளத்தையும் குறிப்பிட்ட கால இடைவெளியில், அதைப் பயன்படுத்தும் படைக்குச் சம்பந்தமில்லாத நிபுணர்கள் ஆய்வு செய்யணும், அறிக்கையை ஊராட்சியிலும் வைக்கணும் என்பது என் கோரிக்கை. பிரேக் பிடிக்காத பஸ்ஸுக்கு எஃப்.சி. கொடுக்க மாட்டோம். சுடுதளத்துக்கு மட்டும் அந்தக் கேள்வி ஏன் ஒரு உயிர் போன பிறகு வருகிறது?

இதே நான்காவது விதியைத்தான் கல்யாண வீடுகளில் வானத்தைப் பார்த்துச் சுடுகிறவர்களும் மிதிக்கிறார்கள். வட மாநிலங்களில் இது பெரிய பிரச்சினை. மேலே போன குண்டு காற்றில் கரைவதில்லை. நேர் செங்குத்தாகச் சுட்டாலே ரைஃபிள் குண்டு திரும்பி வரும்போது வினாடிக்குச் சுமார் 90 மீட்டர் வேகம், அதாவது மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். கொஞ்சம் சாய்வாகச் சுட்டால் இன்னும் வேகம். பவுதிகத்தில் நாம் போட்ட எறிபொருள் கணக்குதான். 2019-இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, இப்படிக் கொண்டாட்டத்துக்குச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று ஆக்கினார்கள். நல்ல விஷயம். நம்ம மலையோரங்களில் இருட்டில் புதர் அசைந்ததைப் பார்த்து, காட்டுப்பன்றி என்று நினைத்து மனிதரைச் சுடுவதும் இதே விதி மீறல்தான். அங்கேயும் செய்தி "தவறுதலாகக் குண்டு பாய்ந்தது" என்றுதான் வரும்.

சட்டம் இருக்கே, போதாதா?

இந்தியாவில் துப்பாக்கி உரிமம் வாங்குவது கடினம். அது நல்லதுதான், நம் எண்ணிக்கை குறைவாக இருக்க அது ஒரு முக்கியக் காரணம். 2016 ஆயுத விதிகளில் உரிமம் கேட்பவர் பாதுகாப்புப் பயிற்சி எடுக்க வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் சட்டம் பார்ப்பது துப்பாக்கி யாரிடம் போகிறது என்பதை. அது போன பிறகு ஒவ்வொரு நாளும் அந்தக் கை என்ன செய்கிறது என்பதைப் பழக்கம்தான் பார்க்கும். மேலே நான் சொன்ன சம்பவங்களை எண்ணிப் பாருங்கள். அதிகாரி, படை வீரர்கள், சினிமா ஆர்மரர். துப்பாக்கி இருக்கக்கூடாதவர்களிடம் இருந்ததால் நடந்தது ஒன்றுகூட இல்லை. எல்லாம் அதுவே தொழிலாக இருந்தவர்களிடம் நடந்தது. பழகப் பழகப் பயம் போகும், பயத்தோடு சேர்ந்து சோதனையும் போய்விடும்.

இதைப் புரிந்துகொண்ட இடங்களில் மனிதரின் கவனத்தை மட்டும் நம்புவதில்லை. பல நாடுகளின் ராணுவ முகாம்களிலும் காவல் நிலையங்களிலும் வாசலில் மணல் நிரப்பிய பீப்பாய் ஒன்று சாய்வாக நிற்கும். பணி முடிந்து வருகிறவர் துப்பாக்கி முனையை அதற்குள் விட்டுத்தான் காலி செய்ய வேண்டும். தப்பு நடந்தாலும் குண்டு மணலுக்குப் போகும். மனிதர் தப்பு செய்வார் என்று ஒத்துக்கொண்டு கட்டிய அமைப்பு அது. போஸ்டர் ஒட்டுவதைவிட ஒரு பீப்பாய் மணல் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

நீங்கள் செய்யக்கூடியது

துப்பாக்கி வாங்குங்கள் என்றோ, பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்றோ நான் சொல்லவில்லை. இதையெல்லாம் செய்யலாம்:

எங்காவது துப்பாக்கியோ தோட்டாவோ கிடந்தால் தொடாதீர்கள். எடுத்துப் பார்க்காதீர்கள், ரீல்ஸ் போடாதீர்கள். மற்றவர்களையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு 100-க்கு அழையுங்கள். வீட்டில் தம்பி தங்கைக்கும் இதையே சொல்லிக்கொடுங்கள்: தொடாதே, தள்ளிப் போ, பெரியவங்ககிட்ட சொல்லு.

ஏர் கன்னை விளையாட்டுச் சாமான் என்று நினைக்காதீர்கள். கடற்கரையில் பலூன் சுடும்போது கடைக்காரர் குண்டு போட்டுக் கையில் கொடுத்ததும் நண்பன் பக்கம் திரும்பி போஸ் கொடுக்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. அந்தச் சின்ன ஈயத் துண்டு ஒரு கண்ணைப் பறிக்கப் போதும். செல்ஃபி எடுக்கணுமா? சுட்டு முடித்து, துப்பாக்கியைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு எடுங்கள்.

ஷார்ட் ஃபிலிம் எடுக்கிறீர்களா? பிளாஸ்டிக் பொம்மை போதும், சத்தத்தையும் நெருப்பையும் எடிட்டிங்கில் போட்டுக்கொள்ளலாம். "எங்க மாமாகிட்ட நிஜமான ஏர் கன் இருக்கு, எடுத்துட்டு வரவா?" என்று ஒருத்தன் கேட்பான். வேண்டாம் என்று சொல்ல இயக்குநருக்குத் தைரியம் வேண்டும்.

என்.சி.சி. நண்பர்களே, உங்களுக்கு இந்த விதிகளைப் பயிற்சியாளர் ஏற்கனவே கத்திக் கத்திச் சொல்லியிருப்பார். நீங்கள் செய்ய வேண்டியது, யாராவது முனையைத் திருப்பினால் சீனியர் ஜூனியர் பார்க்காமல் உடனே "முனையைத் திருப்பு" என்று சத்தம் போடுவது. அதைக் கேட்டு முகம் சுளிப்பவன் கையில் ரைஃபிள் இருக்கக்கூடாது.

கடைசியாக, லேப். "மெயின் ஆஃப் பண்ணியாச்சு சார், தொடலாம்" என்று அடுத்தவன் சொன்னதும் கையை நீட்டாதீர்கள். டெஸ்டரை வைத்து நீங்களே பாருங்கள். தொழிற்சாலைகளில் லாக்-அவுட் என்று ஒரு முறை உண்டு. இயந்திரத்துக்குள் கை வைப்பவர் சுவிட்சைப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். சாவி வேறொருவரிடம் இருந்தால் அது பூட்டே இல்லை. வேலைக்குப் போன இடத்தில் இதற்கெல்லாம் நேரமில்லை என்று சூப்பர்வைசர் அவசரப்படுத்துவார். அப்போது இந்த நான்கு விதியில் முதல் விதியை நினைத்துக்கொள்ளுங்கள்: ஆஃப் என்று நீங்கள் உங்கள் கையால் உறுதி செய்யும்வரை அது ஆன்தான்.

அடுத்த தடவை "எதிர்பாராதவிதமாகக் குண்டு பாய்ந்தது" என்று ஒரு வரியைப் படிக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். சேம்பரை யார் பார்க்கவில்லை? முனை ஏன் அந்தப் பக்கம் இருந்தது? சுடுதளத்தில் நடந்தது என்றால் மூன்றாவதாக, மண் மேடு எங்கே என்றும் கேளுங்கள். இந்தக் கேள்விகளைக் கேட்கும் ஆட்கள் கூடினால் பதில் சொல்ல வேண்டியவர்களும் வெளியே வருவார்கள்.